கேட்கும் கவசம்

ஜூன் 2, ஞாயிறு

நஃபீசா எல்லோரையும் பயிற்சி நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள். சுட்ட புள்ளி, என்ன தப்பு, எதனால் வந்தது என்று அன்றன்றைக்கே எழுத வேண்டுமாம். நோட்டு வாங்கி மூன்று வாரமாகிறது. இன்றைக்குத்தான் திறக்கிறேன்.

இருபத்தைந்து மீட்டர் பிஸ்டல். முதல் பாதி 268. எனக்கு அது நல்ல புள்ளி. இரண்டாவது பாதியில், "ஸ்டாப்" சொன்ன பிறகு ஒரு குண்டு சுட்டுவிட்டேன்.

டார்கெட் மாற்றுகிற சின்னப்பன், சுற்று முடிந்துவிட்டதென்று நினைத்துப் பக்கவாட்டுக் கதவைத் திறந்திருக்கிறான். அதைப் பார்த்துத்தான் நஃபீசா கத்தியிருக்கிறாள். மற்ற நான்கு பேரும் நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் சுட்டேன். குண்டு டார்கெட்டில்தான் போயிற்று, ஒன்பதாம் வளையத்தில். சின்னப்பனுடைய ஒரு கால் கதவுக்கு உள்ளே இருந்தது.

நஃபீசா வந்து என் கையிலிருந்து பிஸ்டலை வாங்கி அவளே மேசையில் வைத்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. ரேஞ்சில் கட்டளை கொடுக்கிற ஆபீசரும் அவள்தான், எங்களுக்குக் கோச்சும் அவள்தான். என்னிடம் அதுவரை குரல் உயர்த்தியதில்லை.

"மூணு தடவை கத்துனேன்க்கா."

"இந்த இயர்மஃப் ரொம்ப தடிமனா இருக்குது நஃபீசா. வெளிச் சத்தமே உள்ள வர்றதில்ல."

"எல்லாரும் அதேதான்க்கா போட்டிருக்காங்க."

சின்னப்பன் என் பக்கத்தில் வந்து, "பரவால்லைங்க்கா, ஒண்ணும் ஆகலைங்" என்றான். அவன் திட்டியிருக்கலாம்.

காரணம்: காதை மூடுகிற இந்த இயர்மஃப். வேறு வாங்க வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

மழைத் தூறல். நார் காயவில்லை. எங்கள் நார் மில் பொள்ளாச்சிக்குத் தெற்கே இருக்கிறது. தேங்காய் மட்டையை மெஷினில் போட்டு நாராக உரிக்கிற வேலை. இருபது வருடமாக நானும் என் வீட்டுக்காரர் தண்டபாணியும் சேர்ந்து நடத்துகிறோம். வெளி வியாபாரம் அவர் பார்ப்பார். மெஷின் பக்கம் நான்.

மில்லில் வேலை செய்கிற சரசு நேற்றுச் சொல்லாமல் லீவு போட்டுவிட்டாள். எல்லார் முன்னாலும் திட்டினேன். பதிலுக்கு என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள், அப்புறம் மட்டை அள்ளப் போய்விட்டாள்.

குக்கரில் சாதம் மறுபடியும் குழைந்துவிட்டது. மூன்று விசில்தான் விட்டேன். கேஸ்கட் மாற்ற வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

ரேஞ்சுக்குப் போனேன். நஃபீசா என்னைச் சுட விடவில்லை. மற்றவர்கள் சுடுவதைப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று வருடமாகப் பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடித்துக் கோயமுத்தூருக்கு வருகிறேன். மகள் மிதுனாவைச் சேர்த்துவிட வந்த இடம் இது. அவள் மேல்படிப்புக்குச் சென்னை போனபோது துப்பாக்கியை விட்டாள், நான் விடவில்லை. நாற்பத்தாறு வயதில் எதற்கு இது என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. மாநிலப் போட்டிக்குத் தேர்வானதும் கேட்பதை நிறுத்தினார்கள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு நஃபீசா என் எதிரில் நாற்காலியைப் போட்டாள்.

"நான் சொல்றது உங்களுக்குக் கேக்கறதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்களை சுடற லேன்ல நிக்க வைக்க முடியாது. சின்னப்பன் இன்னும் ரெண்டு அடி எடுத்து வச்சிருந்தா?"

"அதுக்குத்தான் வேற மஃப் வாங்கறேங்கறேன்."

எலெக்ட்ரானிக் மஃப் என்று ஒன்று இருப்பதை அவள்தான் சொன்னாள். வெளியே சின்ன மைக், உள்ளே சின்ன ஸ்பீக்கர். மெல்லிய சத்தத்தை அது கூட்டிக் கொடுக்கும். துப்பாக்கி வெடிக்கிற நொடியில் மைக்கை அடக்கிவிடும். பேச்சு கேட்கும், வெடி கேட்காது.

அப்படியென்றால் பிரச்சினையே தீர்ந்தது. இத்தனை நாள் ஏன் யாரும் சொல்லவில்லை?

ஜூன் 13, வியாழன்

ஆன்லைனில் போட்டது வந்தது. இருப்பதில் விலை குறைந்தது. போட்டதும் காதுக்குள் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு இரைச்சல்.

ரேஞ்ச் காலியாக இருக்கும் நாள் என்பதால் மதியமே போனேன். நஃபீசா அவளே சுட்டாள், என்னைப் பின்னால் நிற்க வைத்தாள். சுட்டுவிட்டு உடனே ஒரு எண் சொல்வாள், நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பத்தில் நான்கு சொன்னேன்.

கோளாறு இதுதான்: வெடிச்சத்தத்துக்கு மூடிக்கொள்கிற மைக் திரும்பத் திறக்க நேரம் எடுக்கிறது. வெடிக்கு அடுத்தாற்போல் வருகிற சொல் அந்த இடைவெளியில் போய்விடுகிறது. எனக்கு வேண்டியதே அந்தச் சொல்தான்.

திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

கிளப் மெம்பர் ஒருவருடையதை இரவல் வாங்கிப் பார்த்தேன். மெலிதான கிண்ணம், பாரம் இல்லை. பேச்சு தெளிவாக இருந்தது. பத்தில் எட்டு எண் சொன்னேன். நஃபீசா சிரித்தாள்.

ஆனால் சுடும்போது வெடி உள்ளே வந்து அடிக்கிறது. அதிலேயே எழுதியிருக்கிறது, தடுக்கும் அளவு குறைவு என்று. போதாததற்கு என் மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சந்தில் சத்தம் புகுந்துவிடுகிறது. திறந்தவெளியில் சுடுபவருக்குச் சரி. எங்கள் ரேஞ்சில் மூன்று பக்கமும் கான்கிரீட், மேலே தகரம்.

பஸ்ஸில் வரும்போது காதில் ரீங்காரம் கூடுதலாக இருந்தது. ரீங்காரம் எப்போதும் இருக்கிறதுதான். எல்லோருக்கும் இருக்கும்.

தேடவேண்டியது இப்போது தெளிவாகிவிட்டது. வெடிக்குப் பிறகு சட்டென்று திறக்க வேண்டும். தடுக்கும் அளவு கூடுதலாக இருக்க வேண்டும். கண்ணாடிக் காம்புக்கு இடம் கொடுக்கிற மிருதுவான ஜெல் மெத்தை வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனி மைக் வேண்டும், சத்தம் எந்தப் பக்கமிருந்து என்று தெரிய.

ஜூன் 19, புதன்

கோயமுத்தூர் கடையில் கிடைத்தது. நான்கு டப்பாக்களைப் பிரிக்கச் சொல்லி, கண்ணாடியோடு போட்டுப் பார்த்து, கடைக்காரரைக் கடைக்கு வெளியே போய் நின்று பேசச் சொல்லி வாங்கினேன். அவர் அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டது கேட்டது.

சமையலறையில் பழகிப் பார்க்கலாம் என்று போட்டுக்கொண்டு வேலை செய்தேன். ஒலி கூட்டும் திருகை முக்கால் வரை வைத்தேன். குக்கர் விசிலை எண்ணினேன். மூன்றாவது விசில், நான் வழக்கமாக அணைக்கிற நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டது. உடனே அணைத்தேன். சாதம் பூப்போல் இருந்தது. கேஸ்கட்டில் கோளாறு இல்லை போலிருக்கிறது.

ஃப்ரிட்ஜ் சத்தம் போடுகிறது. எத்தனை நாளாக என்று தெரியவில்லை.

ஜூன் 20, வியாழன்

மில்லுக்கும் எடுத்துப் போனேன். மெஷின் ஓடும்போது அது மூடிக்கொள்கிறது, நல்லதுதான். டீ நேரத்தில் மெஷின் நின்றது. நான் மட்டை அம்பாரத்துக்கு இந்தப் பக்கம் எடை எழுதிக்கொண்டிருந்தேன். பெண்கள் அந்தப் பக்கம். மஃப் கழுத்தில் கிடக்கிறதென்று நினைத்திருப்பார்கள், காதில்தான் இருந்தது.

சரசு சொன்னாள்: "அடுத்த வாரம் பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. போன தடவை கேட்டப்போ சரி சரின்னு தலைய ஆட்டுச்சு. மறுநாள் ஏன் வரலைன்னு திட்டுது."

பழனாத்தாள் சொன்னாள்: "அதுக்குக் காது கேக்கறதில்ல புள்ள. கேட்டாப்பலயே தலைய ஆட்டும். நீ முதலாளி ஐயன்கிட்டச் சொல்லிப் போடு. நாங்கெல்லாம் அப்படித்தான்."

அதில் கேலி இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

எடையை எழுதி முடித்தேன்.

ஜூன் 21, வெள்ளி

நேற்று எழுதிய பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

சரசுவைக் கூப்பிட்டு, பையனுக்கு என்ன என்று கேட்டேன். பயந்துவிட்டாள். அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அன்றைக்குத் திட்டியது என் தப்பு என்றும் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

ஜூன் 23, ஞாயிறு

நஃபீசா லேனில் நிற்க விட்டாள். மஃபுக்குள் காதுத் துளையில் நுரைச் செருகியும் வைத்துக்கொண்டேன், இரட்டைப் பாதுகாப்பு. திருகைக் கொஞ்சம் கூட்டினால் செருகியையும் தாண்டிப் பேச்சு வந்துவிடுகிறது. அவள் வேண்டுமென்றே நடுவில் நான்கு முறை "ஸ்டாப்" சொன்னாள். நான்கு முறையும் விரலை எடுத்தேன். மொத்தம் 549. இதுவரை சுட்டதில் இதுதான் அதிகம்.

அப்புறம் அவள் போட்டி விதித்தாளைக் கொண்டுவந்தாள். ஒலி கூட்டும் மஃபைப் போட்டியாளர் அணியக் கூடாதாம். வெளியிலிருந்து கோச் பேசுவதைக் கேட்டுவிட முடியும் என்பதால். காது கேளாமைக்கு டாக்டர் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும், நடுவர் குழு அனுமதித்தால், விலக்கு.

"டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்கக்கா," என்றாள்.

"எனக்கு எதுக்கு டெஸ்ட்? கேக்குதே."

"எதைப் போட்டா கேக்குது?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினேன்.

ஜூன் 24, திங்கள்

சாயங்காலம் அவர் முன்னறையில் போனை ஸ்பீக்கரில் போட்டு மிதுனாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன், மஃபோடு. பழகுவதற்காகத்தான் போட்டிருந்தேன்.

"அம்மா இருக்குது. குடுக்கட்டுமா, அம்மிணி?"

"வேண்டாம்ப்பா. நான் ஒண்ணு கேப்பேன், அவங்க ஒண்ணு சொல்லுவாங்க. சிரிச்சுட்டு வச்சுருவேன். அப்புறம் ரூமுக்குப் போய் அழுவேன். மெசேஜ் போட்டுக்கறேன்."

"டாக்டர்கிட்டப் போலாம்னு நானும் ரெண்டு வருசமாச் சொல்லப் பாக்கறேன். வாய் வர மாட்டேங்குது. உன்ற அம்மா அப்படியே ஒடிஞ்சு போயிருவா."

ரெண்டு வருசமா.

மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தேன். என்னைப் பற்றி இவர்கள் நினைத்தது தப்பு. நான் ஒடிகிற ஆள் இல்லை.

ஜூன் 27, வியாழன்

சாதாரண மஃபையே போட்டுப் போட்டியில் நிற்பது என்று முடிவு செய்து ரேஞ்சுக்குப் போனேன். வேகச் சுற்றில் சிவப்பு, பச்சை விளக்கு இருக்கிறது. மற்றதற்குப் பக்கத்து லேன்காரர் கையைப் பார்த்துக்கொள்ளலாம். அவர் குண்டு நிரப்பினால் நானும் நிரப்புவது, அவர் பிஸ்டலைக் கீழே வைத்தால் நானும் வைப்பது. யாருக்கும் தெரியாது. முதல் இரண்டு சுற்றும் ஒரு பிசகும் இல்லை.

மூன்றாவதில் பக்கத்திலிருந்தவர் கட்டளைக்கு முன்னாலேயே அவசரப்பட்டுக் குண்டு நிரப்பினார். நானும் நிரப்பினேன்.

நஃபீசா கத்தவில்லை. மெதுவாக வந்து, என் மஃபின் ஒரு கிண்ணத்தைத் தூக்கி, காதருகில் சொன்னாள்: "யாரைப் பாத்து சுடறீங்க? டார்கெட்டையா, அவரையா?"

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தேன். உக்கடத்தில் ஏறியவள் கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் தீர்மானித்துவிட்டேன். அன்றைக்குக் கதவுக்குள் இருந்த கால் சின்னப்பனுடையது. நாளைக்கு யாருடையதோ. என் கௌரவத்துக்கு அவர்கள் கால் எதற்கு?

ஜூலை 1, திங்கள்

அவரிடம், "காது டெஸ்ட்டுக்குப் போறேன், வர்றீங்களா?" என்றேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வண்டியைக் கிளப்பினார்.

ஆடியாலஜிஸ்ட் ஜெனிலா என்ற பெண். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினாள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை மெஷினில் அசைவது தெரிந்தது. கை அசைந்தபோதெல்லாம் அமுக்கினேன்.

கதவைத் திறந்து உள்ளே வந்தாள். சிரித்துக்கொண்டே என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"எல்லாரும் இதைத்தான் செய்வாங்க மேடம்," என்றாள்.

சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழ்க்குரல் சத்தங்கள் வந்தன. அப்புறம் ஒன்றும் வரவில்லை. அவள் ஒன்றும் அனுப்பவில்லை என்று நினைத்தேன். மிக நீண்ட நேரம் அவள் ஒன்றும் அனுப்பவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் கோட்டுப் படம் காட்டினாள். இரண்டு கோடும் பாதி வரை நேராகப் போய், அப்புறம் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கின. கூர்மையான சத்தங்கள் எனக்கு இல்லை. ஸ, ட, ப, த மாதிரி எழுத்துகள் காதுக்கு வருவதில்லை.

"ஸ்டாப்னு சொன்னா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "நடுவுல இருக்கற 'ஆ' மட்டும் கேக்கலாம்."

"துப்பாக்கியால வந்ததுங்களா?" இதை அவர் கேட்டார்.

"இருபது வருஷ மெஷின் சத்தம் சார். துப்பாக்கியும் கொஞ்சம் சேத்துருக்கும். போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம்."

"சுடறதை நிறுத்தணுமா?" இது நான்.

"செருகியும் மஃபும் ரெண்டும் போட்டுத்தானே சுடறீங்க? அதை ஒரு நாளும் விடாதீங்க. நீங்க முதல்ல பாக்க வேண்டியது மில் சத்தத்தை."

டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வாங்கிக்கொண்டோம். வெளியே வந்ததும் அவர், "டீ குடிக்கலாமா?" என்று என் முகத்துக்கு நேராகத் திரும்பிக் கேட்டார். எத்தனையோ நாளாக இவர் திரும்பித்தான் பேசுகிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜூலை 2, செவ்வாய்

நானே மிதுனாவை வீடியோ காலில் கூப்பிட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு, மஃபையும் மாட்டிக்கொண்டேன்.

"என்னம்மா இது கோலம்?"

"எனக்குக் காது கேக்கறதில்ல மிதுனா. நேத்து டெஸ்ட் எடுத்தேன். இதைப் போட்டா கேக்குது."

படம் நின்றுவிட்டதென்று நினைத்தேன், நிற்கவில்லை.

"இப்போ நான் சொல்றது கேக்குதா?" என்றாள், மெதுவாக.

"கேக்குது. மூக்கை உறியறதும் கேக்குது."

நடுவில் ஒரு முறை "மறுபடி சொல்லு" என்று கேட்டேன். அப்படிக் கேட்டு எத்தனை வருடமாகியிருக்கும். தலையை ஆட்டுவதை விட அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

ஜூலை 5, வெள்ளி

மில்லுக்கு மஃப் வந்தது. சாதாரண மஃப்தான், எலெக்ட்ரானிக் இல்லை. மெஷின் பக்கம் நிற்கிற ஆறு பேருக்கும் அவருக்கும். அவர் முதலில் மாட்டிக்கொள்ளவில்லை. "மெஷின் ஓடறப்போ இதைப் போடாம யாரும் உள்ள வரக்கூடாது" என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொன்னேன். மாட்டிக்கொண்டார்.

பழனாத்தாள் மட்டும், "வேர்க்குது அம்மிணி" என்றாள்.

"வேர்த்தாப் பரவால்ல. என்னைய மாதிரி ஆயிராதே."

முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டாள்.

ஜூலை 7, ஞாயிறு

541. கை நடுக்கம் இல்லை. பேட்டரி மாற்றினேன்.

ஜூலை 14, ஞாயிறு

போட்டி முடிந்தது. விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் நடுவர் குழுவிடம் சான்றிதழைக் கொடுத்தேன். ஒருவர் படித்தார், இன்னொருவர் மஃபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ப்ளூடூத் இருக்கிறதா என்று சோதித்தார். நஃபீசாவை லேனிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னார்கள். பிறகு வாசல் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பெயருக்கு நேராகப் பேனாவால், "கேட்கும் கருவிக்கு அனுமதி" என்று எழுதினார்கள். அந்தப் பலகையைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. சிலர் படித்துவிட்டு என்னைத் தேடிப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன்.

லேனில் நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது. கட்டளை அதன் முழு எழுத்தோடும் வந்தது. யார் கையையும் பார்க்கவில்லை. பிஸ்டல் நுனியிலிருக்கிற குறிமுள்ளைப் பார்த்தேன், டார்கெட்டைப் பார்த்தேன். வேகச் சுற்றில் ஒரு குண்டு ஏழுக்குப் போயிற்று, அது என் விரலின் தப்பு. மொத்தம் 547. ஒன்பதாவது இடம். பதக்கம் இல்லை. தென்மண்டலப் போட்டிக்கு இந்தப் புள்ளி போதும். நஃபீசா என்னைக் கட்டிக்கொண்டாள், பிறகு கோச் என்பது ஞாபகம் வந்து, அந்த ஏழைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். தண்டபாணி பார்வையாளர் வரிசையிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார்.

பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. மதியச் சுற்றில் சுடப் போகிறவர், நம்பர் சீட்டைச் சட்டையில் குத்தியிருந்தார். சுற்றும் பார்த்துவிட்டு, மஃபைக் காட்டி, "ஏம்மா, இது எங்க வாங்குனது?" என்றார்.

கடையைச் சொன்னேன்.

"எனக்கு இல்லம்மா. கூட சுடுத சேக்காளி ஒருத்தன். அவனுக்கு லேசா காது கம்மி."

"கண்ணாடி போடுவாருங்களா?"

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, "போடுவான்," என்றார்.

"அப்படீன்னா ஜெல் மெத்தை வச்சதாப் பாத்து வாங்கச் சொல்லுங்க. விலையைப் பாத்து வாங்கவேண்டாம். வெடிச்சதுக்கு அப்புறம் மைக் சட்டுனு திறக்குதான்னு பாக்கோணும். ரேஞ்சுல போட்டுப் பாக்காம வாங்கக் கூடாது."

தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். மஃபை எடுத்து நீட்டினேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மாட்டினார். திருகை நானே கூட்டினேன். இரண்டு கூடம் தள்ளி ஒலிபெருக்கியில் மதியச் சுற்றுக்காரர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அசையாமல் நின்று கேட்டார். ஒரு பெயர் வந்தபோது அவர் கை தானாகச் சட்டையிலிருந்த சீட்டைத் தொட்டது.

மெதுவாகக் கழற்றித் தந்தார்.

"இதை இங்க போடணும்னா டாக்டர் சான்றிதழ் வேணுங்க," என்றேன். "டெஸ்ட் எடுக்கோணும். ஒண்ணும் வலிக்காது. உங்க சேக்காளி வருவாருங்களா?"

அவர் வாசல் பலகைப் பக்கம் பார்த்தார். என் பெயரும் அதற்கு நேரே பேனாவில் எழுதியதும் அங்கிருந்தே தெரிந்தன.

"தனியா வரமாட்டான்மா," என்றார். "கூட யாராவது வந்தா வருவான்."